ஒரு சாண் நீள லேண்ட்மாஸ்டர்

ஊஞ்சலாம்பாளையத்தில் ஒரு சாண் நீளமுள்ள கார் ஒன்று ஆயிரத்து நூறு கிலோ எடைக்கு வந்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அன்றைக்குச் சந்தை நாள் என்பதால் நேரத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. தக்காளி இறக்கிக்கொண்டிருந்தவர்களும் அந்த நேரத்தைத்தான் சொல்வார்கள், தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள். ஏன் வந்தது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கார் நகராது, கதையும் நகராது, அதனால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

அந்தக் காரைச் செய்தவள் தமயந்தி. வடக்கு வீதியில் இருக்கிறாள், பல் செய்வது அவள் வேலை. சுற்றுவட்டாரத்துப் பல் டாக்டர்கள் எல்லாரும் அச்செடுத்து அவளுக்குத்தான் அனுப்புவார்கள், அவள் மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் வேகவைத்து, தேய்த்து, மினுக்கி அனுப்புவாள். ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேர் அவள் செய்த பல்லில்தான் முறுக்குத் தின்கிறார்கள். அவளுடைய அப்பா சென்னியப்பனும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷமாக மகளோடு ஒரு வார்த்தை பேசாதவர், அவள் பெயரை யார் எடுத்தாலும் அவள் செய்த பல்லையே இறுகக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார். அது அவள் செய்த பல் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை.

சென்னியப்பன் அந்தக் காலத்தில் ஊருக்கே ஒரே டாக்ஸி ஓட்டியவர். ஐம்பத்தாறாம் வருஷத்து லேண்ட்மாஸ்டர், யானைக்குட்டி மாதிரி உருண்டை முதுகு, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். கல்யாணமோ சாவோ பிரசவமோ, எல்லாம் அதில்தான் போகும், அதில்தான் வரும். மகளுக்குப் பதினைந்து வயதில் அதிலேயே ஓட்டவும் பழக்கினார். பத்தொன்பது வயதில் ஒரு விடியற்காலையில் அவள் அந்தக் காரையே எடுத்துக்கொண்டு, மோட்டார் ரீவைண்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த இருதயராஜைக் கட்டிக்கொள்ளக் கிளம்பிப் போனாள். பால் சங்கத்துப் பாலத்தில் திருப்பும்போது பின்பக்கம் இடது மட்கார்டு திட்டில் மோதி நசுங்கியது. பஸ் ஸ்டாண்டு மேட்டில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, நான்கு கதவையும் பூட்டிவிட்டுப் பஸ் ஏறியவள், பல்லடம் தாண்டின பிறகுதான் கையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் சாவி இருந்தது. வண்டியைப் பூட்டினால் சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கிய பாடம், ஓடிப்போகிற அவசரத்திலும் கை அதை மறக்கவில்லை.

கதவை நெம்பித் திறந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த சென்னியப்பன் மாற்றுச் சாவி செய்யவே இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், தினமும் காலையில் இரண்டு ஒயரை முறுக்கி விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார், டாக்ஸி ஸ்டாண்டு வீதிக்காரர்கள் பின்னால் நின்று தள்ளுவார்கள், பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளுவார், வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளுவார், வண்டி இருமிக்கொண்டு கிளம்பும். ஏன் சாவி இல்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கடைசியில் தரை துருப்பிடித்துக் கால் வைக்க இடமில்லாமல் போனதும், பழைய இரும்பு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அன்றைக்கு வாசலில் நின்று, இனிமேல் அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் உட்கார மாட்டேன் என்று சொன்னவர், பதின்மூன்று வருஷமாக எங்கும் நடந்தேதான் போய்க்கொண்டிருந்தார். தமயந்தியும் புருஷனும் ஊருக்கே திரும்பி வந்து குடியிருக்கிறார்கள், நடுவில் மூன்று வீதிதான். அவர் வடக்கு வீதிக்கு மட்டும் நடந்ததில்லை.

அப்புறம் அவர் கண் போக ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து உள்பக்கமாகக் கதவு சாத்திக்கொண்டு வருகிற மாதிரி. முதலில் சாப்பாட்டுத் தட்டளவு தெரிந்தது, பிறகு டம்ளர் வாயளவு. ஐப்பசியில் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு வந்த டாக்டர், போனது திரும்பாது, பங்குனிக்குள் கோயம்புத்தூர் வந்தால் இருக்கிறதையாவது காப்பாற்றலாம், அதற்குமேல் ஆனால் அதுவும் இருக்காது என்று சொன்னார். சென்னியப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோயமுத்தூருக்கு யாரு ஓட்டறது?" என்று மட்டும் கேட்டார். அவர் எழுந்து நடந்து வந்துவிட்டார்.

இது காதுக்கு வந்த அன்றைக்குத்தான் தமயந்தி, லேண்ட்மாஸ்டருக்குத் தம்பி மாதிரியான அம்பாசிடர் பொம்மை ஒன்றை வரவழைத்தாள். பதினெட்டில் ஒரு பங்கு அளவு, உலோகத்தில் வார்த்தது, கதவெல்லாம் திறந்து மூடும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியும் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. கண் முழுக்கச் சாத்திக்கொள்வதற்குள் அவருடைய வண்டியை அவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கார்த்திகையில் தொடங்கினாள். அம்பாசிடரின் பின்பக்கத்தில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விளிம்பையும் பல் தேய்க்கிற சக்கரத்தால் இழைத்து உருண்டையாக்கினாள். முன்பக்கத்துக் கம்பிகளைப் பல்லுக்குக் கொக்கி வளைக்கிற கம்பியில் செய்தாள். ஸ்டியரிங், கியர், ஹேண்ட் பிரேக் எல்லாம் அதே கம்பிதான், ஒவ்வொன்றும் அசையும்படி. சீட்டுக்கு அப்பா போட்டிருந்த கட்டம்போட்ட துண்டின் கட்டத்தை எறும்பளவுக்கு வரைந்தாள். பழைய பெயின்ட்டைத் தின்னரில் கரைத்து, பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, ஆயிரம் நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடியும் அடித்து, மறுபடியும் தேய்த்தாள். நிறம்தான் மாதக்கணக்காகக் கைக்கு வரவில்லை. அப்பா அந்தக் காருக்கு அடித்தது பால் சங்கத்துக் கதவுக்கு வாங்கி மிஞ்சின பெயின்ட் என்று ஒருநாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் கதவு நான்குமுறை நிறம் மாறியிருந்தது. கீல் இடுக்கில் மட்டும் நகக்கண்ணளவு பழைய நிறம் ஒட்டியிருந்தது, அதைச் சுரண்டி எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்தாள். ஏர்பிரஷ்ஷில் அடித்தபோது கார் கண்ணாடிபோல வழுவழுப்பாக வந்தது, அதைப் பார்த்துவிட்டு அவள் ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அப்பா அடித்தது கையால், சுவருக்கு அடிக்கிற பிரஷ்ஷில். அதனால் மூன்று முடி மட்டும் விட்ட தூரிகையால், அந்த வழுவழுப்பின் மேல் பிரஷ் தடத்தை ஒவ்வொன்றாகப் போட்டாள். பதினோரு நாள் ஆனது.

நசுங்கலை மட்டும் போடவில்லை. அப்பா பார்க்கப் போகிறார், முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அப்போதெல்லாம் கார் ஒரு கிலோவுக்கும் குறைவுதான், இருதயராஜ் ஒரு கையில் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டுவார். ஆனால் மேசைமேல் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அது வேறு யாருடைய வண்டியோ மாதிரி இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் சிறு விளக்கைக் காட்டி இளக்கி, பல் அச்சு அழுத்துகிற கரண்டியின் முதுகால் பின் இடது மட்கார்டை ஒரே அழுத்து அழுத்தினாள். பிறகு உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு, அப்பா வீட்டுக்கு யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று தூக்கினாள். தூக்க வரவில்லை.

பசை ஒட்டிக்கொண்டது என்று நினைத்து இருதயராஜ் தூக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிப் பார்த்தார். உடற்பயிற்சி நிலையத்து வாத்தியார் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்து தூக்கிப் பார்த்துவிட்டு, மூச்சுப்பிடிப்போடு போனார். தேங்காய்க் களத்து எடைமேடைக்காரர் லாரிக்குப் போடுகிற ஜாக்கியையும் எடை காட்டுகிற மானியையும் கொண்டுவந்து பம்பருக்கடியில் கொடுத்துப் பார்த்து, ஆயிரத்து நூறு என்று சொன்னார். ஹெட்மாஸ்டர் பதினெட்டை மூன்றுமுறை பெருக்கி, வகுத்து, கணக்கு தலைகீழாகப் போயிருக்கிறது, மற்றபடி விடையில் பிழை இல்லை என்று சொன்னார். இத்தனைக்கும் மேசை ஒன்றும் சொல்லவில்லை, அது சாதாரண மாம்பலகை மேசை, ஒரு கால் ஏற்கெனவே ஆடும்.

ஒரு வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. வழி சொல்கிறவர்கள் "அந்தக் கனத்த காரு வூட்டுக்கு எடதுபக்கம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, எடை வண்டி எடையாக இருப்பதால் பதிவு வேண்டுமா என்று யோசித்து, நம்பர் பிளேட்டில் பழைய நம்பரே இருப்பதைப் பார்த்துத் திருப்தியோடு போனார். அந்தக் காரின் பின்சீட்டில் பிறந்ததால் காராத்தாள் என்றே பெயர் நிலைத்துப்போன ஒருத்தி தாராபுரத்திலிருந்து வந்து, ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, முன்கண்ணாடியில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் இருக்குமே என்று சொன்னாள். தமயந்தி கடுகளவுக்கு ஒன்று வரைந்து ஒட்டினாள். வெள்ளிக்கிழமை யாரோ பானெட்டில் குங்குமம் வைத்துவிட்டார்கள், பெயின்ட் இன்னும் ஆறவில்லை என்று அவள் துடைத்துவிட்டதில் பூசாரிக்கு வருத்தமில்லை, அவர் டயரில் வைத்துவிட்டுப் போனார். உடுமலையிலிருந்து கிரேன் வந்தது. அதன் கை வாசல் நிலைக்குள் நுழையவில்லை. கிரேன்காரர் டீ குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் காரைப் பார்த்துவிட்டு, தன் அக்காவைப் பெண் அழைத்துவந்தது இதில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கத்தான் முடியவில்லை, தள்ளியாவது மேசை ஓரத்துக்குக் கொண்டுவரலாம் என்று ஆறு பேர் ஆறு விரலை வைத்துத் தள்ளினார்கள். நூலளவும் நகரவில்லை.

இப்படியே பங்குனியும் பிறந்துவிட்டது. சென்னியப்பனுக்கு இப்போது எட்டணாக் காசளவுதான் தெரிந்தது. அவர் வர மாட்டார், கார் போகாது. தமயந்தி வேலையைப் போட்டுவிட்டுக் காரின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நசுக்காமல் இருந்திருந்தால் எப்போதோ பார்த்திருப்பார் என்று இருதயராஜிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். நசுக்கினதை நிமிர்த்திவிடலாமா என்று அவர் கேட்டார். அவள் தலையாட்டி மறுத்தாள், அப்புறம் அது அப்பா வண்டி இல்லையே.

சென்னியப்பன் வீட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிற சிவமலைதான் தினமும் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். பேப்பர் முடிந்ததும் வடக்கு வீதிச் செய்தியையும் பேப்பரில் போட்டிருக்கிற மாதிரியே அதே குரலில் படிப்பார். அந்தப் பேச்சு வேண்டாம் என்று சென்னியப்பன் சொல்வார். வேண்டாம் என்று சொன்னாலும் எழுந்து போக மாட்டார். ஒருநாள் எடைமேடைக்காரர் தோற்றதையும் கிரேன் திரும்பினதையும் ஆறு பேர் தள்ளினதையும் சிவமலை வரிசையாகச் சொன்னார். சென்னியப்பன் பல்செட்டைக் கழற்றினார், சொம்புத் தண்ணீரில் அலசினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டுத் தள்ளுனீங்களா?"

"பொம்மை வண்டிக்கு ஏதுங்ணா ஹேண்ட் பிரேக்கு?"

"அவ ஹேண்ட் பிரேக் போடாம வண்டிய விட்டு எறங்க மாட்டா" என்றார் சென்னியப்பன். "அன்னைக்கும் போட்டுட்டுத்தான் போயிருந்தா."

சிவமலை கையிலிருந்த டியூபைக்கூட வைக்கவில்லை, கடையைச் சாத்தவில்லை, பாதி ஒட்டின பஞ்சரோடு மூன்று வீதியும் ஓடினார். தமயந்தியிடம் அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அவர் குரலிலேயே சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்பாவிடமிருந்து வந்த முதல் சொல் அது. அவள் முள்போன்ற பல் கருவியால் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தாள். ஹேண்ட் பிரேக் மேலே தூக்கியிருந்தது. போட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்துவதற்கு முன்னால் கை தன்பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, டெம்போவில் மாடு ஏற்றுகிற பலகையை மேசையிலிருந்து வாசலுக்குச் சாய்த்து வைத்தார்கள். பம்பரில் நைலான் கயிறு கட்டிப் பின்னால் பதினாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். தமயந்தி பல் முள்ளை உள்ளே விட்டுப் பிரேக்கை இறக்கினாள், டிக்கென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், கார் அசைந்து கொடுத்தது. ஏற்கெனவே ஆடுகிற மேசைக்கால் அப்போதுதான் ஆடுவதை நிறுத்தியது என்று சொல்வார்கள். கார் பலகை வழியாக இறங்கி வீதிக்கு வந்து, பதினாலு பேரையும் நாலடி இழுத்துவிட்டு நின்றது.

ஒரு சாண் காருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்க முடியும். முதலில் குந்தினபடி சிவமலை இரண்டு விரலை வைத்தார், அவர் முதுகில் இருதயராஜ் கை வைத்தார், அவர் முதுகில் பால்காரர், அவர் முதுகில் செருப்பைக் கழற்றிவிட்டு ரிட்டயரான வாத்தியார், அவர் முதுகில் காராத்தாள், இப்படி ஒருத்தர் முதுகில் ஒருத்தராக வரிசை வடக்கு வீதி முனைவரைக்கும் போனது. ஒன்பது வருஷம் தினமும் தள்ளின கைகள், மறந்தா போயிருக்கும். யாரும் சொல்லாமலே மூச்சு ஒன்றாகச் சேர்ந்தது. கார் நகர்ந்தது, நடக்கப் பழகுகிற குழந்தை வேகத்தில். தமயந்தி பக்கத்திலேயே குனிந்து, ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு போனாள். பின்னால் டவுன் பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் ஊதவில்லை, இறங்கி வந்து வரிசையில் கடைசி ஆளின் முதுகில் கை வைத்தார். பால் சங்கத்துப் பாலத்து மேட்டில் கார் கொஞ்சம் தயங்கியது. தமயந்தி நிமிர்ந்து, இரண்டு பக்கமும் பார்த்து, திட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எத்தனை விரற்கடை இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு, வரலாம் என்று கை காட்டினாள்.

டாக்ஸி ஸ்டாண்டு வீதிக்கு வந்து சேர உச்சி வெயில் ஆகிவிட்டது. சென்னியப்பன் முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுத்தமாகச் சவரம் செய்து, அந்தக் காலத்துக் காக்கிச் சட்டையைப் போட்டிருந்தார், ஆனால் அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கார் அவர் காலடியில் வந்து நின்றது. "பிரேக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். டிக்கென்று சத்தம் கேட்டது.

அவர் நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து, குனிந்தார். எட்டணாக் காசளவு பார்வைக்கு மனுச முகம் முழுசாகத் தெரியாது, வீடு தெரியாது, நிஜமான லேண்ட்மாஸ்டராக இருந்திருந்தால் ஹெட்லைட் ஒன்றுதான் தெரிந்திருக்கும். இந்தக் கார், கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தால், பம்பர் முதல் பம்பர் வரை அப்படியே அதற்குள் அடங்கியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தள்ளின கையெல்லாம் இன்னும் முன்னால் இருந்தவர் முதுகிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. பெருவிரலை எச்சில் தொட்டு, பிரஷ் தடத்தின்மேல் ஒருமுறை தேய்த்தார். பின்பக்கம் இடது மட்கார்டுக்கு வந்ததும் விரல் நின்றது.

"எங்க இடிச்சே?"

"பால் சங்கத்துப் பாலத்துலீங்ப்பா" என்றாள் தமயந்தி. "ரிவர்ஸ் எடுக்கறப்ப."

"கண்ணாடி பாக்கோணும்."

"இருட்டா இருந்துச்சுங்."

"இருட்டுன்னா எறங்கிப் பாக்கோணும்."

"சரிங்ப்பா."

அவர் கையை நீட்டினார். சாவி என்று சொல்லக்கூட இல்லை. பல் மினுக்குகிற பொடியால் மாதத்துக்கு ஒருமுறை தேய்த்துத் தேய்த்து, இருபத்திரண்டு வருஷத்தில் புதுசைவிடப் பளபளப்பாகிப் போயிருந்த அந்தச் சாவியை அவள் இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்க்க முயலவில்லை, விரலால் அதன் பல்லை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு அவள் கையைத் தேடி எடுத்து, அதிலேயே திரும்ப வைத்து மூடினார்.

"நீயே வெச்சுக்க அம்மிணி. என்னால இனி ஓட்ட முடியாது." அப்புறம் முகாமில் கேட்ட அதே குரலில் கேட்டார். "கோயமுத்தூருக்கு யாரு ஓட்டறது?"

"நானுங்ப்பா."

அந்தக் கார் இப்போதும் டாக்ஸி ஸ்டாண்டு வீதியில், அவர் வாசலில் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதன் எடை குறையவில்லை, குறைய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மழைக்கு ஒரு சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள், பால் வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போகும், ஆயுத பூசைக்கு முதல் எலுமிச்சம்பழம் அதற்குத்தான்.

வியாழக்கிழமை காலையில் இருதயராஜின் சின்ன வெள்ளைக் காரில் சென்னியப்பன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார், பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு, அதுவும் இடது பக்கத்தில். வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். பாலம் வருது, மெதுவா. கியர மாத்து, எஞ்சின் அழுவுது. அந்த லாரிக்காரனை விட்டுப்போட்டுப் போ, அவனுக்கு என்ன அவசரமோ. அவருக்கு ரோடு தெரியவில்லை, ஆனால் எல்லாம் சரியாகவே சொன்னார், அவளும் ஒவ்வொன்றுக்கும் சரிங்ப்பா என்றாள். ஆஸ்பத்திரி வாசல் சரிவாக இருந்தது. அவள் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறக்க முன்பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்துக்குள் சென்னியப்பன் வலது கையை மெல்ல நீட்டி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தடவிப் பார்த்தார்.

மேலேதான் இருந்தது. அவள் வந்து கதவைத் திறக்கும்வரை அவர் கையை அதன்மேலேயே வைத்திருந்தார்.